பலகை மேல் நின்ற வெள்ளிமலை பஸ்

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. "இத எழுப்பலாமா, போட்டுடலாமா?" என்று கேட்கிறவர்கள்தான் ஜாஸ்தி. தெருவில் யார் வீட்டு இன்வெர்ட்டர் படுத்தாலும், யார் டிராக்டர் முனகினாலும், இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் பேட்டரியை இறக்குவார்கள். பிறகு, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கை கழுவ எழுந்தால்கூடக் கெட்ட செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பஸ் முதலாளியின் ஷெட்டில், பேட்டரி வேலையில்தான் என் காலம் போயிற்று. நான் விட்ட இடத்தில் இப்போது ஜெரால்டு இருக்கிறான். போன மாதம் போன் செய்தான். "அண்ணே, இனிமே எல்லாம் சீல் பேட்டரி தானாம். மூடியே கெடையாது. மேல பச்சையா ஒரு கண்ணு இருக்குது. அது கறுத்துப் போனா தூக்கிப் போட்டுடணும்னு சொல்றாங்க. நீங்க அந்த வெள்ளிமலை வண்டி கதைய எழுதிக் குடுங்கண்ணே. இங்க புதுசா வந்தவங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றான்.

அந்தப் பச்சைக் கண்ணைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பேட்டரிக்குள் ஆறு அறை. கண் இருப்பது ஒரே ஓர் அறைக்கு. ஆறு பிள்ளை பெற்றவள் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று சொன்னால் எப்படி? சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் திருநாவலூர் பக்கம். கரும்பு வெட்டத் தெம்பில்லை என்று வீட்டில் தீர்மானம் ஆனதால் பஸ் கழுவ வந்தேன். பஸ் கழுவ வந்தவன் ஒருநாள் பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தேன், அதோடு அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கற்றுக்கொண்டதற்குச் சாட்சி என் சட்டைகள்தான். ஆசிட் ஒரு பொட்டு தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்த பிறகு அந்த இடத்தில் ஓட்டை இருக்கும். கோவிலுக்குப் போவதற்கென்று ஒரே ஒரு சட்டையை என் மனைவி பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஞாயிறு பூசைக்கு அவள் மனம் வைத்தால்தான் எனக்குச் சட்டை.

எனக்கு மேலே இருந்தவர் தங்கவேலு மேஸ்திரி. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்குள் அவர் நடந்துகொள்வதைப் பார்த்தால் அது சன்னிதானம் என்று நினைப்பீர்கள். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி வாசலில் உள்ள டப்பாவில் போட வேண்டும். பேட்டரி மேல் உலோகம் பட்டால் பொறி பறக்கும், கை வெந்துபோகும். ஒருமுறை முதலாளி மணிக்கட்டில் பட்டையான தங்கக் காப்போடு வேகமாக உள்ளே வந்தார். மேஸ்திரி குறுக்கே நின்றுகொண்டார்.

"மொதலாளி, காப்ப கழட்டுங்க."

"என் ஷெட்டுக்குள்ள வர்றதுக்கு நான் காப்பு கழட்டணுமாய்யா?"

"ஷெட்டு உங்களுது மொதலாளி. கை யாருது?"

முதலாளி கழற்றினார். அன்றிலிருந்து எதுவானாலும் வாசலில் நின்றே கத்திவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது.

பஸ்ஸுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையோடு கட்டி ஜோடியாகத்தான் மாட்டுவோம். மேஸ்திரி இதைக் கல்யாணம் என்பார். புதுசையும் பழசையும் ஜோடி சேர்க்கவே விடமாட்டார். "கெழவனுக்கு கொமரிய கட்டி வெச்சா இன்னா ஆவும்? அவனும் எழுந்துக்க மாட்டான், அவளும் எளைச்சிப் பூடுவா" என்பார். இதில் உண்மை இருக்கிறது. சோர்ந்த பேட்டரி நல்லதையும் சேர்த்து இழுத்துப் படுக்க வைத்துவிடும்.

எழுப்புவதா, ஈயத்துக்காக உருக்க அனுப்புவதா என்பதற்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். எங்களிடம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. மேலே ரப்பர் குமிழ், உள்ளே மிதவை. ஆசிட்டை உறிஞ்சினால் மிதவை எவ்வளவு எழும்புகிறது என்பதை வைத்துச் சத்து தெரியும். பால் சொசைட்டிக் கருவியின் தம்பி மாதிரி இருப்பதால் நாங்களும் அதைப் பால்மானி என்றே சொல்வோம். ஆறு அறையிலும் அதை விட்டுப் பார்ப்போம். நல்ல பேட்டரியில் மிதவை ஆயிரத்து இருநூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். படுத்த பேட்டரியில் இறங்கும். எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயம்.

"ஆறும் ஒண்ணா சோந்து கெடந்தா அது பசி. சோறு போட்டா எழுந்துக்கும். அஞ்சு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் சோந்துச்சின்னா அது வியாதி. அதுக்கு சோறு போட்டு பிரயோஜனம் இல்ல."

மேஸ்திரியின் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நான் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்க வைத்திருக்கிறேன். வெளியில் ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். பேதி உப்பு போடு என்பார்கள், தலைவலி மாத்திரையைப் பொடி செய்து போடு என்பார்கள். மாத்திரையோடு வந்த ஒரு லாரி டிரைவரிடம் மேஸ்திரி, "இத நீயே போட்டுக்கினு போய் படு. உனக்குத்தான் தல சரியில்ல" என்றார்.

இவ்வளவு விவரமான மனிதருக்குச் சிமெண்ட் தரை என்றால் மட்டும் பயம். பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் தரை கரண்டைக் குடித்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் எல்லோருமே இதைச் சொல்வார்கள். மரப்பெட்டிக்குள் பேட்டரி வந்த காலத்தில் அதில் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டி எங்கே வைத்தாலும் ஒன்றுதான். ஆனாலும் எங்கள் அறையில் ஒவ்வொரு பேட்டரிக்கு அடியிலும் ஒரு பலகை இருக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை. பலகை யாரைக் கடிக்கிறது?

எங்கள் பஸ் ஒன்று கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்குப் போய் ராத்திரி அங்கேயே தங்கும். விடியற்காலையில் அதுதான் முதல் வண்டியாகக் கீழே இறங்கும். கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மரவள்ளி மூட்டைக்காரர்கள் எல்லோருக்கும் அதை விட்டால் மதியம்தான் அடுத்த வண்டி. டிரைவர் ஏழுமலை வெள்ளிமலைக்காரன். வண்டி மேலே தங்குவதால்தான் அவன் ராத்திரி தன் வீட்டில் பெண்டாட்டி கையால் சாப்பிட்டுத் தூங்குகிறான்.

அவன் வண்டியைப் பற்றி மட்டும் எங்களுக்கு ஒரு புகாரும் வராது. அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுகூட இன்ஜினை நிறுத்த மாட்டான். டீசல் வீணாகிறது என்று முதலாளி எத்தனை கத்தினாலும், "சூடு ஆறக் கூடாது மொதலாளி" என்பான். இட்லிக்கடைக்காரன் பேசுகிற மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். வெள்ளிமலையில் வண்டி நிற்கிற இடம் நல்ல சரிவு. ஏழுமலை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போவான். காலையில் கண்டக்டர் கல்லை உருவுவார், வண்டி உருளும், இரண்டாவது கியரைப் போட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சாவி என்பது அந்த வண்டிக்கு ஒரு நகை மாதிரி, சும்மா தொங்கும். எத்தனை மாதமாக அதன் பேட்டரி படுத்துக் கிடந்தது என்று கடவுளுக்கும் அந்தக் கல்லுக்கும்தான் தெரியும். மலைப் பிள்ளைகள் சிலர் எல்லா பஸ்ஸுமே கல்லை எடுத்தால்தான் கிளம்பும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அப்போது ஊருக்கு நல்ல காலம் வந்தது. வண்டி நிற்கிற இடத்தைச் சமமாக்கி, சிமெண்ட் தளம் போட்டு, நிழற்கூரையும் கட்டினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஏழுமலை வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, புதுத் தளத்தில் பெருமையாக நிறுத்தினான். மறுநாள் காலையில் கண்டக்டர் கல்லை எடுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டியில் இருந்தவர்கள் இறங்கி, சாமை மூட்டையையும் ஆட்டுக்குட்டியையும் இறக்கிவிட்டு, தளத்தின் விளிம்பு வரை தள்ளிச் சரிவில் விட்டார்கள். அடுத்த நாளும் அதே கதை. புதுத் தளம் இருக்கும்போது வண்டியை ரோட்டுச் சரிவில் நிறுத்த ஊர் விடவில்லை. மூன்றாம் நாள் மலை முழுக்க ஒரே பேச்சு: சிமெண்ட் பஸ்ஸின் கரண்டைக் குடித்துவிட்டது.

இந்தச் செய்தி கீழே வந்ததும் எங்கள் மேஸ்திரிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தியா சகாயம், நான் சொன்னனா இல்லியா?" என்றார். "மேஸ்திரி, நடுவுல ரப்பர் டயரு இருக்குது" என்றேன். "குடிக்கணும்னு நெனைக்கறவனுக்கு டயரு ஒரு தடையா?" என்றார்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "தெனமும் என் பஸ்ஸ ஊரே தள்ளுது. மானம் போவுது. வர்ற வெள்ளிக்கிழம காலைல நான் மேல வந்து நிக்கப் போறேன். சாவி போட்ட ஒடனே கெளம்பணும். இல்லனா அன்னியோட சரி, வண்டி கீழ கச்சிராயபாளையத்துல தூங்கட்டும். புது பேட்டரி கேக்காத, வந்ததெல்லாம் மெட்ராஸ் வண்டிக்குப் போயிடுச்சி" என்று கத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஏழுமலை ஷெட்டுக்கு வந்தான். காப்பு, மோதிரம் எதுவும் இல்லாத கை. அரைஞாண் கயிற்றைத் தடவிக்கொண்டு, "இது வெள்ளி, கழட்டணுமா மேஸ்திரி?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அண்ணே, வண்டி கீழ தூங்கினா நான் எங்க தூங்கறது? வாரத்துக்கு ஒரு நாளுதான் வூட்டப் பாக்க முடியும். என்னை வுடுங்க. காலைல காலேஜிக்கு எறங்கற புள்ளைங்க அத்தினியும் வூட்ல குந்திக்கும்ணே. எப்டியாவது எழுப்பிக் குடுங்க."

அவன் ஏமாற்றினான் என்று எனக்குத் தோன்றவில்லை. சரிவு இருக்கும்வரை அவனுக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது.

ஜோடியை இறக்கிப் பலகை மேல் வைத்தோம். அதுவரை விளக்கு எரிய மட்டும் ஒரு பழைய ஜோடியை வண்டியில் மாட்டி அனுப்பினோம், காலையில் ஊரே தள்ளிக்கொள்ளட்டும் என்று. மூடிகளைத் திறந்து பால்மானியை விட்டோம். வலது பேட்டரியில் ஆறு அறையும் ஒன்றுபோல் இறங்கியிருந்தன. பசி. இடது பேட்டரியில் ஐந்து அறை பரவாயில்லை, மூன்றாவது அறையில் மட்டும் மிதவை எழும்பவே இல்லை. வியாதி. மேஸ்திரியின் கணக்குப்படியே தீர்ப்பு தெளிவாக இருந்தது. ஆனால் அந்த இடது பேட்டரி அவர் முன்பே இரண்டு முறை எழுப்பிய செல்லப்பிள்ளை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"இன்னொரு தபா சோறு போட்டுப் பாக்கலாம் சகாயம்."

"மேஸ்திரி, வியாதிக்கு சோறு போட்டு பிரயோஜனம் இல்லன்னு யாரு சொன்னது?"

"எவனாவது சொல்லியிருப்பான். நீ வயர மாட்டு."

மாட்டினேன். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கொதித்து உள்ளே இருக்கிற ஈயத் தட்டு வளைந்துவிடும். மறுநாள் பார்த்தால் ஐந்து அறையில் சோற்றுப்பானை மாதிரி குமிழ் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது அறை குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா இருந்தது. மேஸ்திரி பால்மானியை விட்டு உறிஞ்சினார். குழாயில் ஏறியது கறுப்புத் தண்ணீர். உள்ளே தட்டு உதிர்ந்து அடியில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி, மேலே துடைத்து, ஆசிட் ஒரு பொட்டுகூடச் சிந்தாமல் தூக்கி, உருக்கப் போகிற வரிசையில் வைத்தார். அங்கேயும் அடியில் பலகைதான்.

"ஈயத்துக்கு சாவு இல்ல. உருக்கி ஊத்தினா மறுபடியும் பேட்டரியா வரும். போய்ட்டு வா நைனா" என்று அதன் தலையில் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆசிட் ஆவி என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

இப்போது வலது பேட்டரி தனியாள். அதற்குத் துணை தேட வேண்டும். உருக்கப் போகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மாப்பிள்ளை தேடிச் சுடுகாட்டுக்குப் போனவர்கள் நாங்கள்தான். ஒன்றில் இரண்டாவது அறை வியாதி, ஒன்றில் கடைசி அறை, ஒன்றில் பெட்டியே விரிசல். கடைசியில் மூலையில் ஒன்று கிடைத்தது. விபத்துக்குள்ளாகி மாதக்கணக்கில் சும்மா நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து இறக்கியது. செத்தது என்று யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள். திறந்தால் ஆறும் ஒன்றாகச் சோர்ந்து கிடந்தன. சுத்தமான பசி. வயதும் வலதுக்கு ஒத்துப்போனது.

"பொருத்தம் பிரமாதம்" என்றார் மேஸ்திரி.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். அந்த இரண்டையும் அந்த வாரம் முழுக்க நாங்கள் ஆடியும் பாடியும் கறந்தோம். ஏற்றுவது, பெட்டியைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் நிறுத்துவது, ஆறவைத்து மறுபடி ஏற்றுவது. புதன்கிழமை பன்னிரண்டு அறையிலும் மிதவை எழும்பி நின்றது. சுமை கொடுத்துப் பார்த்தோம், தாங்கியது. வியாழக்கிழமை வண்டியில் மாட்டிக்கொண்டு நானும் மேஸ்திரியும் மேலே போனோம். மேஸ்திரி ஒரு மூட்டைப் பலகையும் ஏற்றினார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

முதலாளி சொன்னபடி வெள்ளிக்கிழமை வரவில்லை. வியாழன் சாயங்காலமே வந்துவிட்டார். நாங்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்வோம் என்று சந்தேகம். பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே, அதே சிமெண்ட் தளத்தில் தன் புதுக் காரை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் போட்டு, பழைய பாட்டைப் பாட விட்டு, காருக்குள்ளேயே படுத்துக்கொண்டார்.

விடிந்தது. பனியில் ஊரே தலையில் துண்டோடு நின்றது. முதலாளி காரிலிருந்து இறங்கி வந்தவர் பஸ்ஸின் காலடியைப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு பலகை.

"இது இன்னாய்யா?"

"சிமெண்ட் குடிக்கும் மொதலாளி. அதான் ஒரு பாதுகாப்புக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தானே டிரைவர் சீட்டில் ஏறினார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர்தான். சாவியைத் திருப்பினார். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான். ஒரே முறுக்கு. இன்ஜின் குரல் கொடுத்தது. ஊரே கை தட்டியது. ஆட்டுக்குட்டி மட்டும் பயந்து ஓடிவிட்டது.

"கெளம்புது, சரி" என்றார் முதலாளி இறங்கி. "ஆனாலும் ராத்திரி மேல தங்கறது எனக்கு ரோதனை. கீழயே நிறுத்திக்கலாம்னு பாக்கறேன்."

கைதட்டல் அப்படியே நின்றது. ஏழுமலை அரைஞாண் கயிற்றைத் தடவத் தொடங்கினான். முதலாளி போய்க் காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. விடிய விடியப் பாட்டு, செல்போன் சார்ஜ், உள்விளக்கு எல்லாம் சேர்ந்து குடித்துவிட்டிருந்தன.

கூட்டத்தில் ஒருவர், "கார்க்கு பலகை வெக்கலியே!" என்றார். மேஸ்திரி தலையை ஆட்டினார், நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி.

ஏழுமலை ஓடிப்போய், "கவலய வுடுங்க மொதலாளி, தள்ளி எறக்கத்துல வுட்டா கெளம்பிடும்" என்றான்.

"இது ஆட்டோமேட்டிக்டா. தள்ளினா கெளம்பாது."

மரவள்ளி மூட்டைக்காரர் ஒருவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "தள்ளினா கெளம்பாத வண்டிய எதுக்குங்க வாங்கினீங்க?"

மேஸ்திரி பானெட்டைத் திறந்து பேட்டரியின் தலையைத் தடவினார். "மூடியே இல்லியே மொதலாளி. எங்க தொட்டு நாடி பாக்கறது?" என்று மூடிவிட்டார்.

முதலாளிக்குக் காலையில் கள்ளக்குறிச்சியில் முக்கியமான வேலை இருந்தது. வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறினார். சீட் எல்லாம் நிறைந்துவிட்டதால் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல்தான் இடம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாதம் நிறைந்த ஒரு பெண் ஏறினாள், அவள் புருஷன் கையிலிருந்த பலாப்பழத்தை, "செத்த புடிங்க" என்று முதலாளி மடியில் வைத்துவிட்டு அவளுக்கு இடம் தேடப் போனான். மலை இறங்கும்வரை முதலாளி அந்தப் பழத்தைக் காப்புக் கையால் அணைத்துக்கொண்டே வந்தார்.

பாதி மலையில் ஏழுமலை ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்: "வண்டி கீழ தூங்கியிருந்தா இந்நேரம் நீங்க மேலயே நின்னுக்கினு இருந்திருப்பீங்க மொதலாளி. மத்தியானம் வரைக்கும்."

முதலாளி பலாப்பழத்தை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். கச்சிராயபாளையம் வந்தது. தாண்டியது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"மேலயே தூங்கட்டும்டா."

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஏழுமலை நீளமாக ஒரு ஹாரன் அடித்தான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸின் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து காருக்குக் கேபிள் கொடுத்திருந்தால் கார் அரை நிமிடத்தில் கிளம்பியிருக்கும். கேபிள் என் பையில்தான் இருந்தது. காலையில் நான் பையில் கை வைத்தபோது மேஸ்திரி வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஜோடில ஒண்ண மட்டும் வேல வாங்கக் கூடாது. பாவம்." நான் கையை எடுத்துவிட்டேன். மறுநாள் அதே கேபிளோடு மேலே போய்க் காரைக் கிளப்பிக் கொடுத்தது நான்தான். நேற்றே ஏன் செய்யவில்லை என்று முதலாளி கேட்கவில்லை.

அவர் கேட்டது வேறு. அடுத்த வாரம் எங்கள் அறை வாசலுக்கு வந்தார். கத்தவில்லை. தானாகவே காப்பைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே வந்து, வெளியாள் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மேஸ்திரியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யோவ், அந்தப் பலகை நாலு இருக்குமா? வூட்ல கார் நிக்கற எடம் சிமெண்ட்டு."